ஏன் போகிறீர்கள் என்று கேட்பது என் வேலை

ஆளை வேலைக்குச் சேர்க்கிறவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்; ஆள் போகும்போது கையெழுத்து வாங்குகிறவரை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். நான் அந்த இரண்டாவது ரகம். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு தங்கும் விடுதியின் ஊழியர் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். கடலைப் பார்ப்பது விருந்தாளிகளின் அறைகள்தான். எங்கள் அலுவலக ஜன்னல் பார்ப்பது சலவைக்கூடத்தின் பின்சுவரை. காலையில் அந்தச் சுவரின் ஓட்டை வழியே நீராவி வரும்; வெந்நீரும் சோப்பும் கலந்த அந்த வாசம் வந்தால் மணி எட்டு என்று அர்த்தம்.

யாராவது ராஜினாமாக் கடிதம் கொடுத்தால், அவரை என் எதிரே உட்கார வைத்து, ஏன் போகிறீர்கள் என்று கேட்டு ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் ஆறு கட்டங்கள்: கூடுதல் சம்பளம், மேல்படிப்பு, குடும்பம், உடல்நலம், போக்குவரத்து, மற்றவை. முக்கால்வாசிப் பேர் 'குடும்பம்' என்ற கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். குடும்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மேற்கொண்டு கேள்வி வராது. நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, "தே தாரேக் குடிக்கிறீங்களா?" என்று கேட்பேன். அந்த டீ ஆறுவதற்குள் வருவதுதான் நிஜக் காரணம். அதைப் படிவத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதிவைப்பேன்.

நீங்களும் எங்கேயோ சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். இப்படி ஒரு படிவத்தில் நீங்களும் பொய்யாக ஒரு டிக் அடித்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லக் கூச்சமில்லை. சம்பளம் காரணமே இல்லை என்று நான் சொன்னால், சிங்கப்பூருக்குப் போன எங்கள் சமையல்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் பென்சில் எழுத்தில் இருப்பதெல்லாம் வேறு கதைகள்.

மூன்று நிமிஷம்

லெட்சுமி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவாள். அறை துப்புரவுப் பிரிவு. காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். ஃபெரியை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து அட்டையை மெஷினில் செருகினால் அது ஏழு மூன்று என்று காட்டும். சில நாள் ஏழு நான்கு. ஒரு மாதத்தில் மூன்று தடவை தாமதமானால் எச்சரிக்கைக் கடிதம் என்பது விதி. கடிதத்தைத் தட்டச்சு செய்வது நான். ஒரே வருஷத்தில் அவளுக்கு எட்டுக் கடிதம் அடித்தேன். அவள் சுத்தம் செய்த அறைகளைப் பற்றி அந்த வருஷம் ஒரு புகார்கூட வரவில்லை என்பதை யாரும் எனக்கு அடிக்கச் சொல்லவில்லை.

முந்தின ஃபெரியைப் பிடித்தால் என்ன என்று நான்தான் ஒருமுறை கேட்டேன். பிள்ளைகள் இரண்டையும் பள்ளி வேன் ஏற்றிவிட்டுத்தான் கிளம்புகிறாள். முந்தின ஃபெரி என்றால் இரண்டும் இருட்டில் ரோட்டோரம் தனியாக நிற்க வேண்டும். இதை அவள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்த அன்றுதான் சொன்னாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது; அவர்கள் பேருந்து அடுக்குமாடி வாசலுக்கே வருமாம், அதுவும் பள்ளி வேன் போன பிறகு. அவள் போன மூன்றாம் மாதம், அந்தப் பிரிவின் தொடக்க நேரத்தைக் கால் மணி தள்ளி வைத்தோம். எந்த விருந்தாளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ராஜினாமா கொடுத்த அன்று, எட்டுக் கடிதத்தையும் மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்த லெட்சுமி, அதை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் லேட்டா வரலக்கா. ஃபெரிதான் லேட்டா வருது. இந்த லெட்டரையெல்லாம் அதுக்கே குடுத்துடுங்க."

பதினோராவது எழுத்து

வாசலில் பெட்டி தூக்குகிற விக்னேஸ்வரனின் பெயருக்கு ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து. எங்கள் பெயர்ப்பட்டை மெஷின் பத்து எழுத்துக்கு மேல் அடிக்காது. சேர்ந்த முதல் நாளே அவருக்கு 'விக்கி' என்று அடித்துக் கொடுத்தார்கள். கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அவரும் அதைச் சட்டையில் குத்திக்கொண்டார். ஆறு வருஷம் எல்லோருக்கும் விக்கி. ஆறாவது வருஷம், ஆண்டின் சிறந்த ஊழியர் என்று மேடையில் கூப்பிட்டபோதும் விக்கி, சான்றிதழிலும் விக்கி. அவருடைய அப்பா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று ஆசையாக வாங்கிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, "இது யாருதுப்பா?" என்று கேட்டாராம்.

அடுத்த மாதமே கடிதம் கொடுத்துவிட்டார். இன்னொரு தங்கும் விடுதிக்குத்தான் போனார். சம்பளமும் கிட்டத்தட்ட அதேதான். சில மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் வாங்கும்போது பார்த்தேன். அங்கே முழுப்பெயரும் அடித்துக் கொடுத்தார்களா என்று குற்ற உணர்ச்சியோடு கேட்டேன். சிரித்தார். "பட்டையில முழுப்பேரு இருக்குக்கா. ஆனா அங்கயும் விக்கின்னுதான் கூப்பிடுறாங்க லா. என்ன, 'அப்படிக் கூப்பிடலாமா'ன்னு முதல்ல என்னைக் கேட்டாங்க."

பரமேஸ்வரியின் பை

பின்வாசலில் ஒரு மேசை இருக்கும். வேலை முடிந்து போகிற ஊழியர்கள் பையைத் திறந்து அதன்மேல் கொட்டிக் காட்ட வேண்டும். அறை துப்புரவுப் பிரிவின் பரமேஸ்வரி அக்கா பதினாறு வருஷம் அப்படிக் கொட்டிக் காட்டியவர். ஒருநாள் அழுக்குத் துண்டுகளை உதறும்போது விருந்தாளி ஒருவரின் வைர மோதிரம் கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி நேரே மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். விருந்தாளி எழுதிய பாராட்டுக் கடிதத்தை அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

அன்று சாயங்காலம், அந்தப் பலகைக்கு நாலு அடி தள்ளி, புதிதாக வந்த காவலாளி அவருடைய பையைக் கொட்டினான். சோற்று டப்பா, குடை, ஒரு மாத்திரை அட்டை. அட்டையைத் தூக்கிப் பிடித்து, காய்கறி லாரிக்காரர்கள் நிற்க, "இது எதுக்கு மாத்திரை?" என்று கேட்டான். அக்கா எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'குடும்பம்' என்ற கட்டத்தில் டிக்.

டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் இருக்கிறவர்கள் முன்வாசல் வழியாகப் போவோம். எங்கள் பையை ஒருநாளும் யாரும் திறந்ததில்லை. அது ஒரு வித்தியாசம் என்றே அன்றுவரை எனக்கு உறைத்ததில்லை, அதுதான் உண்மை. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அக்கா சொன்னார்: "பதினாறு வருஷமா முன்னூறு ரூமோட சாவியை என் கையில குடுத்தீங்க. என் பைக்கு மட்டும் ஆள் போட்டுக் காவல் வச்சீங்களேம்மா."

சிவப்புக் கோலி

என் வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் சொல்லாமலே ஒரு கடிதம் அடித்தேன். பை சோதனையை நிறுத்த வேண்டும் என்று அப்போதைய பொது மேலாளருக்கு. நிறுத்த முடியாது, பொருள் காணாமல் போகிறது என்று காவல் பிரிவு ஒற்றைக் காலில் நின்றது. இழுபறி ஒரு வருஷம் நடந்தது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். வாசலில் ஒரு துணிப்பை; அதில் வெள்ளைக் கோலி நிறைய, சிவப்புக் கோலி மூன்று. போகிற எல்லோரும் கைவிட வேண்டும். சிவப்பு வந்தால்தான் சோதனை. முக்கியமான திருத்தம் நான் சேர்த்தது: எல்லோரும் என்றால் எல்லோரும். அலுவலகக்காரர்களும் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

முதல் நாள் முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று பொது மேலாளரே வந்து கைவிட்டார். சிவப்பு. கூட்டம் மேசையை நெருங்கி எட்டிப் பார்த்தது. பையைத் திறந்தால், காகிதத் துண்டில் சுற்றின மூன்று ரொட்டி, காலை விருந்து மேசையிலிருந்து எடுத்தது. மனுஷனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. சாப்பாட்டை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது எங்கள் விதி. மேசைக்குப் பின்னால் நின்ற காவலாளி முத்தையா அண்ணன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சீட்டுப் புத்தகத்தை நகர்த்திவைத்தார். "சார், இதுக்குச் சீட்டு வேணும். சீட்டுல பொது மேலாளர் கையெழுத்து வேணும். அவர் இருக்காரான்னு பாருங்க, நான் காத்திருக்கேன்."

தைப்பூச லீவு

தைப்பூசம் வந்தால் பினாங்கில் அறை கிடைக்காது. அறை கிடைக்காத நாளில் ஊழியர்களுக்கு லீவும் கிடைக்காது. சமையற்கட்டில் இருந்த சேகர் அந்த வருஷம் காவடி நேர்ந்திருந்தார். மகளுக்குக் காய்ச்சல் தலைக்கேறி, பிழைக்குமா என்றிருந்தபோது வேண்டிக்கொண்டது. மூன்று மாதம் முன்பே லீவு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கியாயிற்று. விரதம் இருந்துகொண்டே கறியும் மீனும் சமைப்பார். ருசி பார்க்கப் பக்கத்து அடுப்புக்காரரைக் கூப்பிடுவார். பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெரிய சுற்றுலாக் குழு பதிவு செய்தது. எல்லா லீவும் ரத்து என்று அறிவிப்பு அடித்து ஒட்டினேன். ஒட்டும்போது சேகர் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

பூசத்தன்று அவர் வரவில்லை. மறுநாள் காலையில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கடிதத்தோடு வந்தார். நல்ல சமையல்காரர், போகவிடாதீர்கள் என்று மேலே போய்ச் சொன்னேன். விதி விதிதான் என்றார்கள். அடுத்த வருஷம் அறை துப்புரவு மேற்பார்வையாளர் மிஸஸ் ஊய், யாரையும் கேட்காமல், ஊழியர் சாப்பாட்டு அறையில் ஒரு பெரிய நாட்காட்டியை மாட்டினார். நோன்புப் பெருநாளுக்கு நம் ஆட்கள் வேலை பார்ப்பது, தீபாவளிக்கும் பூசத்துக்கும் மலாய்க்காரர்களும் சீனர்களும் பார்ப்பது, சீனப் பெருநாளுக்கு மற்றவர்கள் பார்ப்பது என்று அவரவரே பெயரை எழுதி மாற்றிக்கொள்ளலாம். அன்றிலிருந்து பெருநாள் லீவுக்காக ஒருவர்கூட வேலையை விடவில்லை. அந்த நாட்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் சேகர் என் மேசையில் விபூதி வைத்துவிட்டுச் சொன்னது ஞாபகம் வரும்: "முருகனுக்கு வருஷத்துல ஒரே ஒரு நாளுதான்க்கா கேட்டேன். மிச்ச நாளெல்லாம் உங்களுக்குத்தானே குடுத்தேன்."

நாற்பத்தொரு பேர்

நோய்த்தொற்றுக் காலத்தில் விடுதியை மூடினார்கள். பாதிக்கு மேல் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் அத்தனை படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். அப்போது 'ஏன் போகிறீர்கள்' என்ற கேள்விக்கு நேரே ஒரு கோடு போட்டேன். இரண்டு வருஷம் கழித்து விருந்தாளிகள் திரும்பி வந்தார்கள், ஆட்கள் வரவில்லை. நாலாவது, ஐந்தாவது மாடிகளைச் சுத்தம் செய்ய ஆளில்லாமல் பூட்டிவைத்திருந்தோம். பழைய ஆட்களைக் கூப்பிடு என்று என்னிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். நாற்பத்தொரு பெயர்.

ஒவ்வொரு பெயரைப் படிக்கும்போதும் ஒவ்வொரு முகம் வந்தது. இவள் சாப்பாட்டு அறையில் எனக்கு இடம் போட்டு வைப்பவள். இவர் மழை பெய்தால் குடையோடு பேருந்து நிறுத்தம்வரை வருபவர். ஒருத்தி இப்போது வீட்டு வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கிறாள். அவளுக்கு அவளே முதலாளி, ஏன் வரப்போகிறாள்? ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். சிலர் தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டார்கள். ஆறு பேர் வருகிறேன் என்றார்கள்.

சலவைக்கூடத்தில் பதினான்கு வருஷம் இருந்த ராஜம்மா அக்காவைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், "கலாவா!" என்று அப்படி ஒரு சந்தோஷம். பசியாறினாயா, மகன் எப்படி இருக்கிறான், முட்டிவலி குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டார். அவர் வீட்டுக்காரர், அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நான் பதிலுக்குக் கேட்டேன். அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். எங்களில் யாருக்கும் தெரியாது. கூப்பிட்ட விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். அக்கா கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "இந்த ரெண்டு வருஷத்துல சும்மா ஒரு தடவை கூப்பிட்டிருந்தா, இன்னிக்கு வேலைக்குக் கூப்பிட்டதும் ஓடி வந்திருப்பேன் கலா."

மேசைப்பந்து

ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். ஊழியர்களுக்கு நல்ல அனுபவம் தந்தால்தான் வருங்காலத்தில் ஆட்கள் நிற்பார்கள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஊழியர் ஓய்வறையை மாற்றினார்கள். பழைய மரப் பெஞ்சுகளைத் தூக்கிவிட்டு, உட்கார்ந்தால் உள்ளே புதைகிற மாதிரி வண்ண வண்ண மெத்தை மூட்டைகள், நடுவில் ஒரு மேசைப்பந்து மேசை, சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. திறப்பு விழாவில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதி வா என்றார்கள். மத்தியானம் போனேன். மேசைப்பந்து மேசையின் மேல் மூன்று பெண்கள் வரிசையாகக் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். மெத்தை மூட்டையில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்காரர்களால் எழுந்திருக்க முடியவில்லையாம். நடுவில் படுத்திருந்த ரோக்கியா எனக்கு மூத்தவள். மலாய்க்காரி, ஆனால் நம் பெண்களோடு இருந்து இருந்து அவள் பேசும் தமிழில் என் தமிழைவிட வேகம் அதிகம். என் கையில் படிவத்தைப் பார்த்ததும், எழுந்திருக்காமலே சொன்னாள்: "பதினாலு ரூம் குனிஞ்சு குனிஞ்சு கழுவிட்டு வந்திருக்கோம். இங்கயும் குனிஞ்சு பந்து பொறுக்கச் சொல்றீங்களா, கலா?"

எழுதிடாதீங்க

போகிறவர்களையே எத்தனை நாள் கேட்பது, இருக்கிறவர்களிடம் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கலாமே என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நல்ல யோசனை, நீங்களே செய்யுங்கள் என்றார்கள். கூட்டத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். புதுப் படிவம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு, முதலில் அறைகளைக் குளிரூட்டும் ஏர்கோன் பழுது பார்க்கும் சந்திரன் அண்ணனிடம் போனேன். இருபத்தேழு வருஷம் ஒரே இடம். எத்தனையோ பேர் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகாதவர்.

மொட்டை மாடியில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க அழைத்துப் போக வேண்டும். அந்த மூன்று நாளும் நாலு மணிக்கே கிளம்பிவிடுவாராம். அவருடைய மேலதிகாரி ஒரு கடிதம் கேட்டதில்லை, ஏன் என்று கேட்டதில்லை. நாலு மணி ஆனால் அவரே வந்து கருவிப்பெட்டியை வாங்கிக்கொள்வாராம். சந்திரன் அண்ணனும் பாக்கி வேலையை மறுநாள் சீக்கிரமே வந்து முடித்துவிடுவார். ஆறு வருஷமாக இப்படி நடக்கிறது. இருபத்திரண்டு வருஷம் இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. இதல்லவா நாம் தேடின பதில் என்று அவசரமாகப் பேனாவைத் திறந்தேன். சந்திரன் அண்ணன் படிவத்தின் மேல் கையை வைத்துவிட்டார்: "எழுதிடாதீங்க கலா. எழுதினீங்கன்னா இதுக்கும் ஒரு விதி போட்டுடுவாங்க."

ஆறு மாசம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நிபோங் திபாலிலிருந்து தர்ஷினி என்ற பெண் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்காணலுக்கு வந்தாள். அன்று நேர்காணல் செய்ய வேண்டிய அதிகாரி விடுப்பு, நான் உட்கார்ந்தேன். சேர்க்கிற பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். கடைசியில் வழக்கம்போல, "எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?" என்றேன். எங்கள் காலத்தில் இதற்கு "இல்லீங்க" என்பதுதான் பதில். அவள் கைப்பேசியை எடுத்து, எழுதிவைத்திருந்த ஒரு வரியைப் படித்தாள். "இங்க வேலை செஞ்சவங்க ஏன் வேலையை விட்டுட்டுப் போறாங்க?"

சொல்வதற்கென்று ஒரு பதில் அலுவலகத்தில் அச்சடித்தே இருக்கிறது: மேல்முன்னேற்றத்துக்காகப் போகிறார்கள் என்று. அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எழுந்து கதவைச் சாத்தினேன். வேலை அட்டவணை சில வாரம் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும் என்று சொன்னேன். விருந்தாளி கத்தினால் தப்பு யார் மேல் இருந்தாலும் முதலில் உன்னைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். நிபோங் திபாலிலிருந்து தினமும் வந்துபோவது சிரமம். நாங்கள் தருகிற தங்குமிடத்தில் தண்ணீர் சரியாக வராது. இதையெல்லாம் சரி செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், சிலது ஆகிறது, சிலது ஆகவில்லை. நல்லதும் சொன்னேன், கூட வேலை பார்ப்பவர்கள் நல்ல மனிதர்கள் என்று. சொல்லி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. பூட்டியிருக்கிற மாடிகளைத் திறக்க ஆள் தேடுகிற நேரத்தில், வந்த ஒரு பெண்ணையும் விரட்டிவிட்டேன் என்று யாராவது மேலே சொன்னால் என்ன ஆகும்?

தர்ஷினி கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். மூன்று இடத்தில் இதே கேள்வியைக் கேட்டாளாம், மூன்று இடத்திலும் மேல்முன்னேற்றம் என்ற ஒரே பதில்தானாம். ஆறு மாதம் இருந்து பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் உங்களிடமே வந்து சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த ஆறாவது மாதம் அவள் என் அறைக்கு வந்தபோது, பழக்கத்தில் என் கை தானாகப் படிவம் இருந்த இழுப்பறைக்குப் போய்விட்டது. தங்குமிடத்தில் தண்ணீர் இப்போது வருகிறது, அட்டவணைதான் இன்னும் மோசம், அதைப் பற்றி மேலாளரிடம் பேச இருக்கிறேன், நீங்களும் கூட வருகிறீர்களா என்று கேட்டாள். போனோம். பத்து நாள் முன்னதாக அட்டவணை என்று ஒருவழியாக ஆனது. அதற்கப்புறமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள், போன வாரமும் வந்தாள். கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி, எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டு ஓடினாள்: "இன்னொரு ஆறு மாசம் பாக்கலாம்க்கா!"

இத்தனை பேர் போன காரணத்தையும் இருந்த காரணத்தையும் கேட்டுக் கேட்டு எழுதிய கலாவுக்கு, யாராவது திருப்பிக் கேட்டால் சொல்வதற்கென்று, தான் போக ஒரு காரணமும் தயாராகத்தான் இருக்கிறது. இதுவரை ஒருவரும் கேட்காததால், நாளைக்கும் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறாள்.